கெய்ரோவை ஆறு விழுங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் கெய்ரோ என்ற ஊரைப் பற்றி வந்த படக்கட்டுரையைப் பார்த்தேன். எகிப்தின் தலைநகரம் அல்ல. இல்லினாய் மாநிலத்தின் தெற்குக் கோடியில், ஒஹாயோ ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடுகிற முனையில் இருக்கிற சிற்றூர். படங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணாடி போன ஜன்னல்கள், பாதி சரிந்த செங்கல் சுவர், நடைபாதை இடுக்கில் வளர்ந்த செடி எல்லாம் அங்கே இருப்பவைதான். ஆனால் கூடவே வந்த எழுத்து, 'வெள்ளங்கள் அழித்த பேய் நகரம்' என்றும், ஆவிப்படகு போனதால் பிழைப்பு போனது, இப்போது யாரும் இல்லை என்றும் கதையை முடித்துவிட்டது. அது பேய் நகரம் இல்லை. அதை வெள்ளமும் அழிக்கவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கென்டக்கி மாநிலத்தில் பதூக்கா என்ற ஊர். ஒஹாயோ ஆற்றங்கரைதான். கெய்ரோவுக்குக் காரில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. சரக்குப் படகுக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆற்றில் இறங்கி வேலை செய்ததில்லை. இருந்தாலும் ஆற்றில் நடப்பதெல்லாம் கடைசியில் பில்லாக எங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும்.

எங்கள் அலுவலகத்தில் காலையில் காபிக்கு முன்னால் பார்ப்பது, கெய்ரோவில் ஆற்று நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோலின் எண்ணை. அங்கே தண்ணீர் 40 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒவ்வொரு அடி ஏறும்போதும் எங்கே படகைக் கட்டுவது, எந்த ஏற்றுமதிக் கிடங்கு மூடும், எவ்வளவு தாமதக் கட்டணம் விழும் என்று எல்லாமே மாறும். கோடை முடிவில் தண்ணீர் வற்றினாலும் அதே தலைவலிதான். படகில் பாதிச் சுமைதான் ஏற்ற முடியும்.

பார்ஜ் என்பது எஞ்சின் இல்லாத தட்டையான சரக்குப் படகு. ஒன்று 195 அடி நீளம், 35 அடி அகலம் இருக்கும். ஏறத்தாழ 1,500 டன் சோளமோ சோயாவோ நிலக்கரியோ பிடிக்கும். அதே சரக்கை ரோட்டில் கொண்டுபோக அறுபது லாரி வேண்டும். மேல் மிசிசிப்பியில் லாக்குகள் (நீர்மட்டம் மாறுகிற இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) இருப்பதால் பதினைந்து பார்ஜுக்கு மேல் ஒன்றாகக் கட்ட முடியாது. ஒஹாயோவிலும் அதே கதைதான். செயின்ட் லூயிஸுக்குக் கீழே கடல் வரைக்கும் மிசிசிப்பியில் லாக்கே கிடையாது. ஆகவே இரண்டு ஆற்றிலிருந்தும் வரும் பார்ஜ்களைக் கெய்ரோ பக்கத்தில் அவிழ்த்து, முப்பது நாற்பது என்று புதிதாகச் சேர்த்துக் கட்டி, பெரிய டோபோட் ஒன்றைப் பின்னால் வைத்துத் தள்ளிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்கு இறங்குவார்கள். கனத்த இரும்பு வடத்தைச் சுற்றி, ராட்செட்டை முறுக்கி, அடுத்தடுத்த பார்ஜை இடைவெளி இல்லாமல் இறுக்குகிற வேலை அது. இரவு பகல் பார்க்காமல் நடக்கும். தங்கள் கட்டுரை 'படகுகள் மறைந்துபோன' என்று சொல்கிற அந்த முனையில் நின்றால் ஒவ்வொரு நாளும் இதைப் பார்க்கலாம். அங்கே கரையில் படகோட்டிகள் நினைவாக ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். ஏறி நின்றால் வலது பக்கம் மிசிசிப்பி சேற்று நிறத்திலும் இடது பக்கம் ஒஹாயோ கொஞ்சம் தெளிந்தும் வருவது தெரியும். கூடிய பிறகும் வெகுதூரம் இரண்டும் ஒட்டாமல்தான் போகும். பெயர் மிசிசிப்பிக்குப் போனாலும் அந்த இடத்தில் அதிகத் தண்ணீர் கொண்டுவருவது சாதாரணமாக ஒஹாயோதான். எங்கள் ஊர் ஆறு என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்!

இப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் யாருக்கும் பேராசை வரும். 1818இலேயே, இல்லினாய் மாநிலமாக ஆன அதே ஆண்டில், பால்டிமோர் வியாபாரி ஒருவர் இங்கே ஒரு நகரமும் ஒரு வங்கியும் தொடங்க அனுமதி வாங்கினார். அவர் இறந்துபோக, திட்டமும் படுத்துவிட்டது. அப்புறம் 1837இல் டேரியஸ் ஹோல்புரூக் என்பவர் கம்பெனி தொடங்கி லண்டனில் பத்திரம் விற்றுப் பணம் திரட்டினார். கரை கட்டினார்கள், பட்டறை போட்டார்கள். 1840இல் லண்டனில் பணம் நின்றது, இங்கே ஊர் நின்றது. 1842இல் இந்த வழியாக ஆவிப்படகில் போன சார்லஸ் டிக்கன்ஸ், கண்ணில் பட்ட சதுப்பையும் காய்ச்சலையும் பார்த்து வாயில் வந்தபடி எழுதிவைத்தார். பிறகு வந்தவர்கள் பலரும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கெய்ரோவைப் பார்க்கிறார்கள். தங்கள் கட்டுரையாளரும் விலக்கில்லை.

டிக்கன்ஸ் போன பதினைந்து வருடத்துக்குள் இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதை சிகாகோவிலிருந்து கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தது. வடக்கிலிருந்து ரயில், தெற்கே படகு, நடுவில் கெய்ரோ. இங்கே இறக்கி அங்கே ஏற்றுவதுதான் ஊரின் தொழில். 1861இல் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்ததும் முதல் சில நாட்களிலேயே வடக்குப் படை சிகாகோவிலிருந்து ஆட்களை அனுப்பி இந்த முனையைப் பிடித்துக்கொண்டது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டை விடவும் கெய்ரோ தெற்கே இருக்கிறது. எதிரி வீட்டுக்குள் நீட்டிய விரல் மாதிரி.

அந்த செப்டம்பரில் இங்கே தலைமையகம் அமைக்க வந்தவர் யுலிசிஸ் கிராண்ட். அப்போது அவர் பெயரை அதிகம் பேர் கேள்விப்பட்டதில்லை. வந்து இரண்டே நாளில் இரவோடு இரவாகப் படகில் படையை ஏற்றி எங்கள் பதூக்காவைச் சண்டையில்லாமல் பிடித்தார். அடுத்த பிப்ரவரியில் தென்மாநிலப் படையின் ஹென்றி கோட்டை, டொனெல்சன் கோட்டை இரண்டையும் பிடித்தார். பின்னாளில் ஜனாதிபதி ஆன மனிதரின் ஏறுமுகம் இந்தச் சேற்றுக்கரையில்தான் தொடங்கியது. அதே கரையில், உள்ளூர் வங்கிக்காரரின் தங்கை மேரி ஜேன் சாஃபோர்ட் கூடாரம் கூடாரமாகப் போய்க் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு மருத்துவம் படித்து பாஸ்டனில் பேராசிரியரும் ஆனார். அவருடைய அண்ணி 1884இல் கணவர் நினைவாகக் கட்டிக்கொடுத்த நூலகம் இன்றும் வாஷிங்டன் அவென்யூவில் அழகாக நிற்கிறது. தங்கள் படங்களில் அது ஒன்றிலும் இல்லை. இடிந்திருந்தால் வந்திருக்கும்.

போர்க்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. தெற்கே அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பின மக்கள் ஆற்றின் வழியே ஆயிரக்கணக்கில் கெய்ரோவுக்கு வந்து இறங்கினார்கள். ராணுவம் முகாம் போட்டது. பலர் வடக்கே போனார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். போருக்கு முன் விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பினக் குடும்பங்கள் இருந்த ஊரில் போருக்குப் பின் அவர்கள் ஒரு பெரும் பங்கு ஆனார்கள். கரையில் மூட்டை சுமந்தவர்கள், மர ஆலையில் அறுத்தவர்கள், பள்ளிக்கூடம் கேட்டுப் போராடியவர்கள் எல்லாம் அவர்கள்தான். இதைச் சொல்லாமல் கெய்ரோவின் கதையில் மேற்கொண்டு ஒரு வரி சொல்ல முடியாது. தங்கள் கட்டுரையில் 'கறுப்பினம்' என்ற வார்த்தையே இல்லை என்பதைத் திரும்பத் திரும்பப் படித்து உறுதி செய்துகொண்டேன்.

ஆவிப்படகு போனதால் பிழைப்பு போனது என்ற விஷயத்துக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அடி கொடுத்தது படகு இல்லை, பாலம். 1889 அக்டோபரில் ஒஹாயோவின் குறுக்கே இல்லினாய் சென்ட்ரல் கட்டிய ரயில் பாலம் திறந்தது. அணுகுபாதையையும் சேர்த்தால் நான்கு மைல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலத்தில் அது உலக அதிசயம். அதுவரை ஒவ்வொரு ரயில் பெட்டியையும் படகில் ஏற்றித்தான் அக்கரை கொண்டுபோனார்கள். ஊரே கைதட்டி வரவேற்ற பாலத்தின் மேல் ரயில், ஊரில் நிற்கவேண்டிய அவசியமே இல்லாமல் ஓடியது. 1905இல் வடக்கே தீப்ஸ் என்ற இடத்தில் மிசிசிப்பிக்கு இன்னொரு பாலம் வந்தது. அதற்குப் பிறகு நெடுஞ்சாலைப் பாலங்கள். கடைசியில் 1970களில் 57ஆம் எண் இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலை ஊருக்குள் நுழையாமலே சுற்றிக்கொண்டு போய்விட்டது.

ஆனாலும் 1920 கணக்கெடுப்பில் கெய்ரோவின் மக்கள்தொகை 15,203. அதுதான் உச்சம். முதல் பாலம் வந்து முப்பது வருடத்துக்குப் பிறகும் ஊர் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 1960இல் 9,348. அதாவது நாற்பது வருடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. பாலம், லாரி, பொருளாதார மந்தம் என்று இதற்குக் காரணம் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். 1970இல் 6,277. இப்போது பத்தே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கணக்குப் பிரிவில் ஒரு பேரேட்டில் இப்படி ஒரு எண் திடீரென்று விழுந்தால், அந்த ஆண்டின் வவுச்சர்களைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்போம். அந்தப் பத்து வருடத்தில் பெரிய வெள்ளம் எதுவும் ஊருக்குள் வரவில்லை. படகுகளும் புதிதாக நிற்கவில்லை. பிறகு என்ன நடந்தது?

அதைச் சொல்ல 1909க்குப் போகவேண்டும். அந்த நவம்பரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொலையானார். வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியைப் பிடித்தார்கள். விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் மறைத்துவைக்க, ஒரு கூட்டம் ரயிலையே கைப்பற்றிப் போய் அவரை இழுத்துக்கொண்டு வந்தது. ஊரின் நடுவே கமர்ஷியல் அவென்யூவில், மின்விளக்கு அலங்கார வளைவின் கீழே ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் தூக்கிலிட்டார்கள். கயிறு அறுந்தது. சுட்டார்கள், இழுத்துப்போய் எரித்தார்கள். அந்த வளைவைப் படம்பிடித்துத் தபால் அட்டையாக விற்றார்கள். அதே இரவில் சிறையிலிருந்த ஒரு வெள்ளைக்காரக் கைதியையும் கும்பல் விட்டுவைக்கவில்லை.

கைதியைக் கும்பலிடம் பறிகொடுக்கும் ஷெரிஃபின் பதவி போகும் என்று இல்லினாயில் 1905இலேயே சட்டம் இருந்தது. அதன்படி ஆளுநர் டெனீன் அந்த ஷெரிஃபை நீக்கினார். பதவியைத் திரும்பப் பெற அவர் விண்ணப்பித்தபோது சிகாகோவிலிருந்து ஐடா பி. வெல்ஸ் புறப்பட்டு வந்தார். பத்திரிகையாளர், கும்பல் கொலைகளைத் தேடித்தேடி ஆவணப்படுத்தியவர். கெய்ரோவின் கறுப்பின மக்களிலேயே சிலர் ஷெரிஃபுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பயமா, பழக்கமா, யார் கண்டது. அவர்களோடு உட்கார்ந்து பேசி, தகவல் திரட்டிக்கொண்டு மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய், வழக்கறிஞர்கள் கூட்டத்துக்கு எதிரே தனி ஒரு பெண்ணாக வாதாடினார். ஷெரிஃபுக்குப் பதவி கிடைக்கவில்லை. கெய்ரோவைப் பற்றி ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் எழுத இடமிருக்கிறது என்றால் நான் எழுதுவது இதைத்தான்.

சட்டம் அந்த ஒரு வழக்கில் வென்றது. ஊர் மாறவில்லை. 1952இல் பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை நீக்கக் கேட்டபோது கறுப்பின மருத்துவர் ஒருவரின் வீட்டில் வெடி வைத்தார்கள். 1962இல் மாணவர் போராட்டக்காரர்கள் வந்தார்கள். பின்னாளில் நாடாளுமன்றத்துக்குப் போன ஜான் லூயிஸ், அப்போது இருபத்திரண்டு வயது இளைஞர், கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்காத நீச்சல்குளத்தின் வாசலில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும் புகைப்படம் பிரபலமானது. எல்லோருக்கும் திறக்கச் சொன்னதும் என்ன செய்தார்கள் தெரியுமா? குளத்தையே மூடிவிட்டார்கள். பிறகு அதை சிமென்ட் போட்டு நிரப்பினார்கள்.

எங்கள் கம்பெனியில் படகின் மேல்தளத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கெய்ரோவில் பிறந்து வளர்ந்தவர், கறுப்பினத்தவர். சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்க வரும்போதெல்லாம் என் மேசை அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். 1967 ஜூலையில் விடுமுறையில் வந்த ராபர்ட் ஹண்ட் என்ற பத்தொன்பது வயதுக் கறுப்பின ராணுவ வீரர் காவல் நிலையத்தில் தூக்கில் தொங்கியபடி கிடைத்தார். தற்கொலை என்றது போலீஸ். கறுப்பின மக்கள் யாரும் நம்பவில்லை. கலவரம் வெடித்தது, தேசியக் காவல்படை வந்தது. வெள்ளைக்காரர்கள் ஆயுதம் ஏந்திய காவல் குழு ஒன்றை அமைத்தார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர்கள் என்று பெயர். அதற்குப் பிறகு பல இரவுகள் பிரமிட் கோர்ட்ஸ் என்ற கறுப்பினக் குடியிருப்பை நோக்கித் துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கேதான் எங்கள் கம்பெனி நண்பர் சிறுவனாக இருந்திருக்கிறார். இருட்டியதும் அவருடைய அம்மா அவரையும் தங்கையையும் குளியல் தொட்டிக்குள் போர்வை விரித்துப் படுக்க வைப்பாராம், வார்ப்பிரும்புத் தொட்டியைக் குண்டு துளைக்காது என்று. தங்கை காலை நீட்டி உதைப்பதுதான் தனக்கு அப்போது பெரிய பிரச்சினையாக இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார். அப்படியே எழுந்து பிடித்தக் கணக்கைக் கேட்காமலே போய்விடுவார்.

1969இல் சார்லஸ் கோயன் என்ற இளம் பாதிரியார் தலைமையில் கறுப்பின மக்கள் ஐக்கிய முன்னணி அமைத்துக் கடைகளைப் புறக்கணித்தார்கள். கோரிக்கை மிக எளிது: எங்கள் காசை வாங்கிக்கொள்கிற கடையில் எங்கள் பிள்ளைகளுக்கும் வேலை கொடு. கமர்ஷியல் அவென்யூவில் பல கடைக்காரர்கள் யோசித்து எடுத்த முடிவு கடையை மூடுவது. ஒரு ஆளைக் கல்லாவில் நிறுத்துவதை விடக் கல்லாவையே இழுத்து மூடுவது மேல் என்று நினைத்தார்கள். புறக்கணிப்பு வருடக்கணக்கில் நடந்தது. அந்தக் கம்பெனி நண்பரின் அம்மா பக்கத்து வீட்டாரோடு ஒரே காரில் மிசௌரிக்குப் போய் மாதச் சாமான் வாங்கி வருவாராம். வெள்ளைக்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போனார்கள். வசதி இருந்த கறுப்பினக் குடும்பங்களும் போயின. தங்கள் மூன்றாவது படத்தில் இருக்கிற மூடிய கடைவீதி அந்தக் கமர்ஷியல் அவென்யூதான். 'காலம் கைவிட்ட தெரு' என்று கீழே போட்டிருந்தீர்கள். காலம் இல்லை ஐயா.

வெள்ளம் அழித்தது என்பதற்கு நேரான பதில் என் ஊரிலேயே இருக்கிறது. 1937 ஜனவரியில் ஒஹாயோவில் வந்தது இந்தப் பள்ளத்தாக்கு கண்ட பெரும் வெள்ளம். பதூக்காவில் ஆறு 60 அடியைத் தாண்டியது. ஊரில் பெரும்பகுதி முழுகிப்போய், மக்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் வெளியேறினார்கள். எங்கள் பழைய கடைவீதிக் கட்டடங்களில் அன்றைய தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்திருப்பார்கள். என் தலைக்கு வெகு மேலே இருக்கும். அதே வெள்ளத்தில் கெய்ரோ முழுகவில்லை. கரைமேல் அவசரமாகப் பலகையும் மண்மூட்டையும் ஏற்றி, எதிர்க்கரையில் மிசௌரிப் பக்கம் பேர்ட்ஸ் பாயின்ட் கரையை வெடிவைத்து உடைத்துத் தண்ணீரை வயல்களுக்குள் திருப்பி ஊரைக் காப்பாற்றினார்கள். முழுகிய பதூக்காவில் 2020 கணக்கெடுப்பில் 27,000க்கு மேல் மக்கள். முழுகாத கெய்ரோவில் 1,733. (எங்களுக்கு 1950களில் யுரேனியம் ஆலை வந்து கைகொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது.)

2011லும் அதேதான். மே 2ஆம் தேதி கெய்ரோ அளவுகோல் 61.72 அடி காட்டியது. வரலாற்றிலேயே அதிகம். கரை 64 அடி வரை தாங்கும் என்றாலும், அபாயம் மேலே வழிவதில் இல்லை, அடியில் இருந்தது. ஆறு அவ்வளவு உயரத்தில் நிற்கும்போது கரைக்கு அடியில் மணல் வழியாகத் தண்ணீர் ஊறி ஊருக்குள்ளே தரையைப் பிளந்துகொண்டு கொதிக்கிற மாதிரி பொங்கும். கூடவே மணலையும் அள்ளிக்கொண்டு வரும். மணல் வெளியேற வெளியேறக் கரைக்கு அடியில் குகை விழும். அதை அடைத்தால் வேறு இடத்தில் பீறிடும் என்பதால் யாரும் அடைப்பதில்லை. சுற்றிலும் மண்மூட்டையால் கிணற்றுச் சுவர் மாதிரி வளையம் எழுப்பி, உள்ளே தண்ணீரை உயரவிடுவார்கள். உயர்ந்த தண்ணீரின் எடை அடியிலிருந்து வரும் அழுத்தத்தைச் சமன்செய்யும். தெளிந்த நீர் மட்டும் வழியும், மணல் நிற்கும். அந்த வசந்தத்தில் கெய்ரோவில் அப்படி ஒரு ராட்சத ஊற்று கிளம்பியது. ஊரைக் காலிசெய்யச் சொன்னார்கள்.

பேர்ட்ஸ் பாயின்ட் கரையை மறுபடி உடைப்பதா வேண்டாமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏறத்தாழ 1,30,000 ஏக்கர் விளைநிலம் ஒரு பக்கம், கெய்ரோ ஒரு பக்கம். எது முழுகலாம் என்று மிசௌரி சட்டமன்ற சபாநாயகரிடம் நிருபர்கள் கேட்டார்கள். அவர் கெய்ரோ என்றார், யோசிக்கக்கூட இல்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார். ராணுவப் பொறியாளர்கள் அன்று இரவு கரையைத் தகர்த்தார்கள், ஆறு இறங்கியது, ஊர் தப்பியது. அதற்கு விலை கொடுத்தவர்களில் பின்ஹுக் என்ற குட்டிக் கிராமமும் ஒன்று. வேறு எங்கும் தங்களுக்கு நிலம் விற்க மறுத்ததால், கரையை உடைத்தால் தண்ணீர் பாய்கிற அந்த நிலப்பரப்புக்குள் 1940களில் நிலம் வாங்கிக் குடியேறிய கறுப்பின விவசாயிகளின் ஊர். ஒரு வீடும் மிஞ்சவில்லை. பேய் நகரம் என்று எழுதத்தான் வேண்டும் என்றால் அதைப் பற்றி எழுதியிருக்கலாம்.

1,733 பேர் என்பது 'யாரும் இல்லை' ஆகாது. அந்த எண்ணும் குறைந்து வந்ததற்கு ஆறு காரணம் இல்லை. எல்ம்வுட், மெக்பிரைட் என்ற இரண்டு பொதுக் குடியிருப்புகளைப் பராமரிக்காமல் விட்டு, எலியும் பூஞ்சையும் ஏறி, கடைசியில் 2017இல் மத்திய அரசு அவற்றை இடிக்கப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 400 பேர், அதில் பாதி குழந்தைகள், வீடு தேடி அலைந்தார்கள். ஊரில் வேறு வீடு இல்லை. இருந்த ஒரே மளிகைக்கடையும் 2015இல் போய்விட்டது. மக்களே பங்கு போட்டு 2023 ஜூனில் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தார்கள். ஆற்றுத் துறைமுகம் கட்ட மாநில அரசு 4 கோடி டாலர் ஒதுக்கியது; அனுமதிகளிலேயே வேலை வருடக்கணக்கில் இழுத்தது. பக்கத்தில் ஓல்ம்ஸ்டெட் லாக் 1988இல் 77.5 கோடி டாலர் என்று அனுமதி வாங்கி 2018இல் திறந்தபோது 300 கோடியை எட்டியிருந்தது. ஆற்றில் பணத்துக்கு இந்த நாட்டில் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. கரையில் இருக்கிறவர்களுக்குத்தான்.

தங்களிடம் நான் கேட்பது சின்னத் திருத்தம். ஐந்தாவது படத்தில் நெடுஞ்சாலைக்கு மேல் தொங்குகிற பெரிய இரும்புக் கதவுக்கு 'பழைய கோட்டை வாசலின் எச்சம்' என்று குறிப்பு போட்டிருக்கிறீர்கள். கோட்டையும் இல்லை, எச்சமும் இல்லை. ரயில் மேட்டுக்கு அடியில் சாலை நுழையும் இடத்தில் 1914இல் வைத்த வெள்ளக் கதவு அது. ஆறு ஏறினால் அதை இறக்கி ஊரைச் சுற்றி அடைப்பார்கள். எண்ணெய் போட்டுப் பராமரித்து வருகிறார்கள். அதன் குறிப்பை மாற்றி, பக்கத்தில் மக்கள்தொகை 1,733, 2020 கணக்கெடுப்பு என்றும் ஒரு வரி சேர்த்து வெளியிட்டால் போதும். அடுத்த முறை யாரையாவது அனுப்பினால் கமர்ஷியல் அவென்யூவோடு நிற்காமல் ஒரு தெரு தள்ளி வாஷிங்டன் அவென்யூவுக்கும் போகச் சொல்லுங்கள். நூலகமும், 1872இல் கட்டிய பழைய சுங்க அலுவலகமும் அங்கேதான். சுங்க அலுவலகம் இப்போது அருங்காட்சியகம். உள்ளே இருப்பவர்கள் ஊர்க்காரர்கள், கேட்டால் நிதானமாகப் பேசுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பதூக்கா, கென்டக்கி.